நன்றி பழக்கின ரீச்சர்

விழுமியம் என்ற சொல்லைக் கண்டுபிடித்த மனிசன் எங்கே இருந்தாலும் நல்லாய் இருக்கட்டும். அந்தச் சொல் மட்டும் இல்லாவிட்டால், கல்வி முதுமாணிப் பட்ட வகுப்பில் என்னைப் போல எத்தனையோ பேர் தலைப்புக் கிடைக்காமல் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்திருப்போம். கணிதத்தில் ஆய்வு செய்யக் கணிதம் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் செய்ய ஆங்கிலம் தெரிய வேண்டும். விழுமியத்தில் செய்ய ஒன்றும் தெரியத் தேவையில்லை, முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்திருந்தால் காணும்.

நான் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் போய், அதிலிருந்தும் உள்ளே இறங்குகிற ஒரு பாடசாலையில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் விடியப்புறமே எழும்பிச் சமைத்து மூடி வைத்துவிட்டு, பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று, வவுனியாவுக்கு வகுப்புக்குப் போவேன். இருக்க இடம் கிடைத்த நாள் எனக்குத் திருவிழா. வகுப்பில் எல்லோருமே ஆசிரியர்கள். ஏன் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார்கள். அறிவுத் தாகம் என்றார் ஒருவர். சமூகத்துக்குச் சேவை என்றார் இன்னொருவர். நானும் என் பங்குக்கு, வன்னிப் பிள்ளைகளின் எதிர்காலம் என்று எடுத்துவிட்டேன். பதவி உயர்வுக்கு என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து தேநீர் குடித்தோம்.

என் மனிசன் வயல் செய்கிறவர். நான் விழுமியத்தில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று சொன்னபோது சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அது உமக்கு நல்லாத் தோதாய் வரும். ஒவ்வொரு நாளும் எனக்குப் படிப்பிக்கிறதைத்தானே எழுதப் போறீர்."

"நீங்கள் படிச்சிருந்தால் நான் ஏன் ஆய்வுக்குப் போறன்?" என்று கேட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னார்.

எனக்கு அமைந்த மேற்பார்வையாளர் நல்ல மனிசன், ஆனால் நாக்கு கூர். முதல் சந்திப்பில் என் தலைப்பை வாசித்தார். 'பாடசாலைகளில் விழுமியங்கள்'. அவ்வளவுதான் தலைப்பு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரீச்சர், விழுமியம் எண்டால் கடல். நீங்கள் கரையிலை நிண்டுகொண்டு கடலைக் காட்டுறியள். எந்த இடத்திலை இறங்கப் போறியள்?"

"முழுக் கடலும்தான் சேர்."

"அப்ப தாண்டு போவியள். ஒரு விழுமியம், ஒரு பாடசாலை, ஒரு கேள்வி. மூண்டையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. இந்தத் தவணைக்குள்ளை முன்மொழிவு வராட்டில் பதிவு ரத்தாகும், பிறகு என்னை வந்து கேக்கக்கூடாது."

ஒரு விழுமியம்தானே, அது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். எங்கள் பாடசாலையில் விழுமியத்துக்குப் பஞ்சமே இல்லை. கேற்றடியில் 'நேர்மை'. படிக்கட்டில் 'பணிவு'. கிணற்றுக் கட்டில் 'சிக்கனம்'. வேப்பமரத்தில் 'பொறுமை' என்று ஒரு பலகை அடித்திருக்கிறது. பிந்தி வருகிற பிள்ளைகளை முட்டுக்காலில் நிறுத்துவதும் அந்த வேப்பமரத்துக்குக் கீழேதான். பலகை எழுதினவர் மட்டும் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் தூரிகையை எறிந்துவிட்டுப் போயிருப்பார்.

முதலில் நேர்மையை எடுத்தேன். அந்தக் கிழமை மதிப்பீட்டுக் குழு எங்கள் பாடசாலைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. மாதிரி வகுப்பு ஒன்று செய்து காட்ட வேண்டும், அதுவும் என் பாடத்தில், அதுவும் நேர்மை என்ற அலகில். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது, படிப்பித்த எவருக்கும் தெரியும், எவரும் எழுத்தில் வைப்பதில்லை. கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கையை உயர்த்த வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. வந்தவர்களுக்கு வகுப்பு முழுக்க ஆர்வம் பொங்கி வழிகிறதாகத் தெரியும், எங்களுக்கு ஆரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். அப்படியே செய்தோம். நேர்மை என்றால் என்ன என்று கேட்டேன். முழு வகுப்பும் கையை உயர்த்தியது. முன் வாங்கில் வலக்கைகள், பின் வாங்கில் இடக்கைகள். குழுவில் வந்தவர் எழும்பி நின்று பாராட்டினார். இதை ஆய்வில் போட்டால் முதலில் என்னுடைய உத்தியோகத்துக்கே ஆபத்து என்று நேர்மையை அங்கேயே விட்டேன்.

அடுத்தது நேரம் தவறாமை. பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினர் அதைப் பற்றித்தான் பேசினார். வெகு வடிவான பேச்சு. அவர் வந்து சேரும்வரைக்கும் பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வெயிலில் நின்று, இரண்டு பேர் மயங்கி விழுந்து, அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபடியால் எனக்குப் பேச்சின் கடைசிப் பகுதிதான் கேட்கக் கிடைத்தது. அதையும் விட்டேன்.

பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. பெரியவர்களைப் பார்ப்பதால்தானே இந்தத் தலையிடி, பிள்ளைகளையே கேட்போம் என்று ஒரு வினாக்கொத்துத் தயாரித்தேன். 'நான் எப்போதும் உண்மையே பேசுவேன்' என்று ஒரு கூற்று, அதற்குப் பக்கத்தில் 'முற்றாக உடன்படுகிறேன்' தொடங்கி 'சற்றும் உடன்படவில்லை' வரைக்கும் கட்டங்கள். பதினோராம் தர வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை எழும்பி, இதுக்கு மாக்ஸ் சேர்க்கிறதோ என்று கேட்டது. இன்னொன்று, சரியான விடை எது ரீச்சர் என்று கேட்டது. நான் பதில் சொல்லும் முன்னம் முழு வகுப்பும் முதல் கட்டத்தில் சரி போட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தது. அந்த வகுப்பு முழுக்க உத்தமர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஒருத்தி மட்டும் கடைசிக் கட்டத்தில் போட்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"உண்மை பேசமாட்டியோ நீ?"

"எப்போதும் எண்டு போட்டிருக்குத்தானே ரீச்சர். பிந்தி வந்தால், பஸ் பிழை எண்டு சொல்லுறனான். எங்கட ரோட்டிலை பஸ்ஸே ஓடுறேல்லை."

அது எனக்கும் தெரிந்த விசயம்தான். அந்தப் பெட்டை குளக்கட்டுக்கு அங்காலே இருக்கிற குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவள். வேப்பமரத்தின் நிரந்தர வாடிக்கையாளர். கோடையில் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவாள். மாரி தொடங்கினால் அந்த ரோட்டு முழங்காலளவு சேறு. போன மாரியில் பாதித் தவணை அவளுடைய கதிரை வெறுமனே கிடந்தது. இந்த முறை மாரி முடியப் பதினோராம் தரத்துக்குச் சாதாரண தரப் பரீட்சை, அதில் சித்தியடைந்தால்தான் மேலே படிக்கலாம். இந்த மாரியும் வராமல் விட்டால் பரீட்சைக்குப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை, என்னோடை தோட்ட வேலைக்கு வா என்று தாய் சொல்லிவிட்டா. ஒரு சைக்கிள் இருந்தால் கட்டுப் பக்கத்தால் சுற்றிக் கிரவல் ரோட்டாலே வந்துவிடலாம். நடக்கிறதென்றால் அந்தச் சுற்றுக்கு நடுச்சாமத்தில்தான் வெளிக்கிட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய முகத்தில் ஒரே புளுகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ரீச்சர், எங்களுக்குச் சைக்கிள் வருது!"

இந்தப் பக்கத்தில் வயல் செய்து, பிறகு பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய் அங்கேயே காலமான ஒருவரின் முதலாம் ஆண்டுத் திவசம். அவருடைய மகன் இங்கே வந்து பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கப் போகிறார். எங்கள் ஊரில் இது புதினம் இல்லை. வெளிநாட்டில் ஒருவர் கண்ணை மூடினால் வன்னியில் ஒரு பாடசாலைக்கு ஏதோ ஒன்று வரும். எங்கள் தண்ணீர்த் தாங்கி ஒரு பெரியம்மாவின் நினைவாக நிற்கிறது. எங்கள் மலசலகூடத்தின் வாசலில் ஒரு அமரரின் பெயர் பளிங்குக் கல்லில் வெட்டிக் கிடக்கிறது, பாவம் அந்த மனிசன். கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் தராவிட்டால் வேறு ஆர் தரப் போகினம்?

"பெயர்களைத் தெரிவு செய்திட்டன்," என்றார் அதிபர். தூர இருந்து நடந்து வருகிற பிள்ளைகள். குளக்கட்டுப் பெட்டையும் அதில் ஒருத்தி. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வசனம் வரும்வரைக்கும்தான்.

"நீங்கள்தானே விழுமியம் படிக்கிறியள் ரீச்சர். இந்தப் பிள்ளையளுக்கு நன்றி சொல்லப் பழக்கிவிடுங்கோ. நேரலையிலை போகும், உலகம் முழுக்கப் பாக்கும்."

பேச்சையும் அவரே எழுதி வைத்திருந்தார். 'வணக்கம். நான் தரம் பதினொன்றில் கல்வி கற்கிறேன். எனக்கு அப்பா இல்லை. எனது அம்மா கூலி வேலை செய்து என்னை வளர்க்கிறார். நடந்து வந்து கல்வி கற்ற எனக்கு இத்துவிச்சக்கரவண்டியை அன்பளிப்புச் செய்த குடும்பத்தினருக்குச் சிரம் தாழ்ந்த நன்றிகள். அமரரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறேன்.' பிள்ளைக்குப் பிள்ளை நடு வசனம் மாறும். ஒன்றுக்கு அப்பா இல்லை, ஒன்றுக்கு அம்மா நோயாளி, ஒன்றுக்கு ஒரு கால் இல்லாத அப்பா. அந்த வசனங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால், 'இவ்விடத்தில் சற்று நிறுத்தவும்' என்று குறித்திருந்தார். அம்மாளாணை, என் கண்ணால் கண்டேன்.

பழக்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் மண்டபத்தில் நிறுத்திப் பழக்கினேன். எங்கள் பிள்ளைகளுக்கு மைக் என்றால் பேச்சுப் போட்டிதான். ஒரு சின்னது வலக்கையை மேலே தூக்கி, விரலை ஆட்டி, "எனக்கு அப்பா இல்லை!" என்று முழங்கியது. பார்த்துக்கொண்டிருந்த மற்றதுகள் கை தட்டின. எனக்குச் சிரிப்பும் வந்தது, கிட்டப் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

குளக்கட்டுப் பெட்டையின் முறை வந்தது. தெளிவாகச் சொன்னாள். வணக்கம் சொன்னாள், தரம் சொன்னாள், அம்மாவின் கூலி வேலை சொன்னாள், சிரம் தாழ்ந்த நன்றியும் சொன்னாள்.

"நடுவிலை ஒண்டை விட்டிட்டாய்," என்றேன்.

"விடேல்லை ரீச்சர். அது நான் சொல்லமாட்டன்."

"ஏன்?"

மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைத் தள்ளி யன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அப்பா இல்லை எண்டு எங்கட வீட்டிலை ஒருத்தரும் சொல்லுறேல்லை. நான் கைக்குழந்தையாய் இருக்கேக்கை, சண்டை நேரம் வீட்டாலை போனவர், இன்னும் வரேல்லை. சைக்கிள் தாறவைக்குத் திதி தெரியும் ரீச்சர், அதுதான் திவசம் செய்யினம். எங்களுக்கு எந்தத் திதி? அம்மா ஒருநாளும் படைக்கேல்லை. பொட்டு அழிக்கேல்லை. படத்துக்கு மாலை போட விடுறேல்லை. நான் மைக்கிலை இல்லை எண்டு சொல்லி அதை அவ போனிலை பார்த்தால் என்ன செய்வா?"

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு அந்தத் தாய் ஒவ்வொரு வருசமும் நடந்து போகிறவ என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எதைக் கேட்டுப் போகிறா என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"சைக்கிள் வேணுமோ உனக்கு?" என்று ஒரு விசர்க் கேள்வி கேட்டேன்.

"வேணும் ரீச்சர். கட்டாயம் வேணும். நன்றியும் சொல்லுறன், எத்தினை தரம் எண்டாலும் சொல்லுறன். அதை மட்டும் சொல்லமாட்டன்."

நேரே அதிபரிடம் போனேன். போகும்போது இது ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

"ஒரு வசனம்தானே சேர். அவளுக்கு மட்டும் வெட்டிவிடுங்கோ."

"வெட்டினால் என்ன மிஞ்சும் ரீச்சர்? தகப்பன் இல்லாத பிள்ளை எண்டுதானே அவளை முதலாவதாய்ப் போட்டனான்."

"சைக்கிள் தாறவர் அப்பிடிக் கேட்டவரோ?"

"கேக்காட்டில்? குடுக்கிறவைக்கு ஒரு திருப்தி வேணும். இண்டைக்கு வடிவாச் செய்தால்தான் நாளைக்கு ஒரு கட்டடம் வரும். கூரை ஒழுகுது, உங்கட வகுப்பும்தான் ஒழுகுது."

அது உண்மை. என் வகுப்பில் இரண்டு வாளி எப்போதும் இருக்கும். அதனால் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கணம் பிந்திவிட்டது. அந்த இடைவெளிக்குள் அவர் பேனையை எடுத்து அவளுடைய பெயரை வெட்டினார்.

"நன்றி தெரியாத பிள்ளை. உதுகளுக்கு எவ்வளவு செய்தும் வேலையில்லை," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையில் கிடந்த 'பண்பாடு காப்போம்' என்ற பேனைக்கூட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். விழுமிய ஆராய்ச்சியாளர் என்றபடியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அவளுக்குப் பதிலாக அதிபர் போட்டது, அவளோடு ஒரே மேசையில் இருக்கிற இன்னொரு பெட்டையை. பேச்சுப் போட்டியில் வலய மட்டத்தில் பரிசு எடுத்தவள், குரல் கணீர் என்று இருக்கும். ஒரே ஒரு குறை, அவளுடைய வீடு பாடசாலைக் கேற்றுக்கு நேரே முன்னாலே. மணி அடிக்கிற சத்தம் கேட்டு எழும்பி வந்தாலும் பிந்தாது. அது அதிபருக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை.

விழா நாள் வந்தது. அமரரின் படத்துக்கு மாலை, பெரிய பனர், வரிசையாய்ச் சைக்கிள்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் அவருடைய பெயரும் 'நினைவாக' என்ற சொல்லும் பொறித்த ஒரு சின்னத் தகடு. மகன் வந்து இறங்கினார். பெரிய ஆள் ஒருவரை எதிர்பார்த்திருந்தோம், சாதாரண ரீசேட் போட்ட ஒரு மனிசன், வியர்த்து ஒழுக, வயதான தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொன்னாடை போர்த்தினோம். அந்த வெக்கைக்குப் பொன்னாடை! பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி, பென்சில் குறித்த இடத்தில் சரியாக நிறுத்தி, நன்றி சொல்லிப் போயின. நான் பழக்கியது வீண் போகவில்லை.

கேற்றடிப் பெட்டை வந்தாள். அவளுக்கு அப்பா இல்லை என்று எழுத வழியில்லாதபடியால், 'எனது அப்பா ஒரு வறிய விவசாயி' என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய அப்பன் கேற்றடியில் புது மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தான் வறியவன் என்பது அந்த மனிசனுக்கே அப்போதுதான் தெரியவந்தது. மோட்டார்சைக்கிளை மெல்ல உருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்.

குளக்கட்டுப் பெட்டை மண்டபத்தின் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

தேநீர் நேரத்தில் அந்த மகன் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், என்னிடம் வந்தார்.

"ரீச்சர், ஏன் இந்தப் பிள்ளையள் எல்லாம் வீட்டுக் கதையைச் சொல்லுதுகள்? நாங்கள் அப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே. அம்மா அழுதுகொண்டிருக்கிறா. அப்பா இருந்திருந்தால் எழும்பிப் போயிருப்பார்."

"அப்ப நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"அம்மாவுக்குக் காட்ட ரெண்டு படம். தூர இருந்து நடந்து வாற பிள்ளையளுக்குக் குடுங்கோ எண்டு. வேறை ஒண்டும் இல்லை."

எனக்கு உச்சந்தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. கொடுத்தவன் கேட்கவில்லை. வாங்க வேண்டியவளுக்குச் சொல்ல மனமில்லை. நடுவில் நின்ற நாங்கள் மட்டும் பென்சிலால் குறித்து, இடைவேளையில் பழக்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, என்ன கண்டறியாத வேலை பார்த்திருக்கிறோம்?

அவரிடம் விசயத்தைச் சொன்னேன். குளக்கட்டிலிருந்து நடந்து வருகிற ஒருத்திக்குக் கிடைக்கவில்லை என்று. அவர் உடனே அதிபரிடம் போய்க் கேட்டார். அதிபர் சிரித்த முகத்தோடு கையைப் பிசைந்தார்.

"தம்பி, நேரலையிலை போயிட்டுது. குடுத்த பிள்ளையிட்டைத் திருப்பி வாங்கினால் பாடசாலையின்ரை பேர் என்னாகும்? அடுத்த வருசத் திவசத்துக்குப் பாப்பம்."

அந்த மகன் அன்றிரவே கொழும்புக்குத் திரும்ப வேண்டியிருந்தது. போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மாரி அடுத்த வருசம்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்குமோ?

ஆனால் எனக்கு ஆய்வு கிடைத்துவிட்டது. அடுத்த சனி பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் எழுதி முடித்தேன். ஒரு விழுமியம், நன்றி. ஒரு பாடசாலை, எங்களுடையது. ஒரு கேள்வி, கொடுக்கிறவர் கேட்காத நன்றியைப் பாடசாலை ஏன் பிள்ளைகளிடம் பிடுங்குகிறது? மேற்பார்வையாளர் இரண்டு தரம் வாசித்தார்.

"இப்பதான் ரீச்சர் தண்ணியிலை கால் வைச்சிருக்கிறியள்," என்றார். பிறகு பேனையை எடுத்தார். "ஆனால் உந்தத் தலைப்போடை போனால் உங்கட அதிபர் தரவு எடுக்க விடுவாரோ?"

விடமாட்டார். அதற்கு மேற்பார்வையாளரே வழி சொன்னார். வெளியே வரும்போது தலைப்பு இப்படி இருந்தது: 'நன்கொடை நிகழ்வுகள் மூலம் மாணவரிடையே நன்றியுணர்வை மேம்படுத்தல்'. உள்ளே எழுதுவதை உள்ளே எழுதலாம், வாசலில் இது தொங்கட்டும். எங்கள் அதிபர் அதை வாசித்து, மனம் நிறைந்து, சீல் குத்தி அனுமதி தந்தார். நன்றியுரைப் பக்கத்தில் அவருடைய பெயரை முதலாவதாகப் போட மறக்க வேண்டாம் என்று மேற்பார்வையாளர் வேறு சொல்லியனுப்பினார். நேர்மையைப் பற்றிய ஆய்வை ஆரம்பத்திலேயே விட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

வீட்டில் என் மனிசனிடம் சொன்னேன். "அப்ப உம்மையும் மைக்குக்கு முன்னாலை நிப்பாட்டிப் போட்டினம்," என்றார். அன்றைக்கு அவருக்குச் சொதி இல்லை.

மாரி பிடித்தது. முதல் மழைக்கே அந்த ரோட்டு போய்விட்டது என்று சொன்னார்கள். அடுத்த நாள் விடிய வேப்பமரத்தடியைப் பார்த்தேன், அவள் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குப் பதினோராம் தரத்தில் பாடம் இல்லை, எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. வெறுங்கதிரையைப் பார்த்து என்ன செய்யப் போகிறேன்? தாயோடு தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டின அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, என் பதிவு தப்பிய சந்தோசம்கூட வாயில் கசந்தது.

மூன்றாம் நாள் நான் வழமையை விட முந்தி வந்துவிட்டேன். சைக்கிள் கொட்டகையில் அவள் நின்றாள். பாவாடையின் கரையெல்லாம் சேறு. பக்கத்தில் சில்லு முழுக்கக் களிமண் அப்பின ஒரு புதுச் சைக்கிள், அமரரின் தகட்டோடு.

"இது ஆரின்ரை சைக்கிள்?" என்று கேட்டேன்.

"அவளின்ரை ரீச்சர்," என்று தன் மேசைக்காரியின் வீட்டைக் கேற்றுக்கு வெளியே காட்டினாள். "விழா முடிஞ்ச பின்னேரமே கொண்டந்து தந்திட்டாள். கேற்றுக்கு முன்னாலை இருந்துகொண்டு சைக்கிளிலை எங்கை போறது எண்டாள். நான் மாரிக்கெண்டு வைச்சிருந்து, மழை தொடங்கினதிலை இருந்து இதிலை வாறன், பிந்துறேல்லை."

"தகப்பன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர்தான் காத்தடிச்சுத் தந்தவர். மதிலுக்குப் பின்னாலை நிண்டதிலை இருந்து அவருக்குச் சரியான கோவம்."

சந்தோசத்தில் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாருங்கோ, இடைவேளை இடைவேளையாய்ப் பழக்கின வாய்.

"நன்றி சொன்னனியோ அவளுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வை, ரீச்சருக்கு ஏதும் சுகமில்லையோ என்று கேட்கிற பார்வை.

"அவளுக்கோ? சொன்னால் அடிப்பாள்."

சொல்லிக்கொண்டே குந்தியிருந்து, பைக்குள் இருந்து லேஞ்சியை எடுத்து, சைக்கிளின் தகட்டில் தெறித்திருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள். சில்லைத் துடைக்கவில்லை, செயினைத் துடைக்கவில்லை. அந்தப் பெயரை மட்டும், எழுத்து எழுத்தாய்.

"அதை ஏன் துடைக்கிறாய்? கழட்டி எறியன், ஆர் பாக்கப் போகினம்?" என்றேன். அந்தத் தகட்டில் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

"ஆரோ ஒருத்தரின்ரை அப்பா ரீச்சர்," என்றாள். "சேறாய் விடக்கூடாது."

மணி அடித்தது. லேஞ்சியை மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். நான் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில், அன்று விடியத்தான் அச்சடித்து எடுத்துவந்த புது வினாக்கொத்துக் கட்டோடு நின்றேன். பிள்ளைகளின் நன்றியுணர்வை அளக்க நானே இருந்து எழுதின கூற்றுகள். ஒவ்வொன்றாய் வாசித்துப் பார்த்தேன். ஒன்றிலும் சேறு துடைக்கிறதைப் பற்றி ஒரு சொல் இல்லை.